அரைப் பாஷைக்காரன்

என்னைப் பற்றி ஒரு புத்தகம் வந்திருக்கிறது என்று நண்பர் ஒருவர் சொன்னபோது நான் நாற்காலியில் சற்று நிமிர்ந்துதான் உட்கார்ந்தேன். முப்பத்தைந்து வருஷமாகக் கதை எழுதுகிறவனுக்கு இந்தச் சபலம்கூட இல்லாவிட்டால் எப்படி? யார் வெளியீடு, எத்தனை பக்கம் என்றெல்லாம் விசாரித்தேன். நண்பர் கல்லூரியில் ஆங்கிலம் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவர். சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அமெரிக்காவில் அச்சானது, ஸார். 1981-ல். எழுதியவர் ஓர் அம்மாள்" என்றார்.

"அப்போது என் ஒரு வரிகூட அச்சேறவில்லையே!"

"உங்கள் கதையைப் பற்றி இல்லை, ஸார். உங்கள் வீட்டுப் பேச்சைப் பற்றி" என்று பையிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

'மொழியின் மரணம்' என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். ஸ்காட்லாந்தின் வடகிழக்குக் கரையில் மூன்று மீனவர் ஊர்களில் பேசப்பட்ட கேலிக் பாஷை எப்படித் தேய்ந்து போனது என்று நான்ஸி டோரியன் என்ற மொழியியல் அறிஞர் எழுதியது. நானோ கடலைப் பார்ப்பதற்கே திருச்செந்தூர் போக வேண்டிய கரிசல்காட்டுக்காரன். எனக்கும் அந்தக் கரைக்கும் என்ன சம்பந்தம் என்று சொல்வதற்கு முன்னால் என் வீட்டுச் சங்கதியைச் சொல்லிவிடுகிறேன்.

சாத்தூருக்குப் பக்கத்தில் எங்கள் கிராமம். நாயக்கர் காலத்தில் ஆந்திரப் பக்கத்திலிருந்து கிளம்பி வந்து கரிசலில் தங்கிவிட்ட குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. வாசற்படிக்கு உள்ளே தெலுங்கு, வெளியே தமிழ். இது எங்கள் பக்கத்தில் அதிசயமில்லை. கோவில்பட்டிக்குப் பக்கத்து இடைசெவலில் பிறந்த கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும் வீட்டில் தெலுங்கு பேசித் தமிழில் எழுதியவர்கள்தாம். எங்கள் வீட்டில் யாருக்கும் தெலுங்கில் ஓர் எழுத்துக்கூடத் தெரியாது. கடிதம் தமிழில், கணக்கு தமிழில், கல்யாணப் பத்திரிகை தமிழில். சண்டைகூட முற்றிவிட்டால் தமிழுக்கு வந்துவிடும். ஊரார் கேட்க வேண்டாமா? தெலுங்கு அடுப்பங்கரைக்கும் தொழுவத்துக்கும் உரிய பாஷை. மாட்டை அதட்டுவதும் குழந்தையைக் கொஞ்சுவதும் அதில்தான்.

எனக்கு ஐந்து வயதாகும்போது நைனாவுக்கு மதுரையில் மில் வேலை கிடைத்தது. அங்கே என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த சில நாளில், வீட்டில் தெலுங்கு பேசினால் பையனுக்குத் தமிழ் நாக்கு புரளாது என்று வாத்தியார் ஒருவர் நைனாவிடம் சொல்லிவிட்டார். அவரும் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். அன்று இரவிலிருந்து நைனாவும் அம்மாவும் தங்களுக்குள் தெலுங்கிலும் எங்களிடம் தமிழிலும் பேசலானார்கள். ஒரே மூச்சில், முகத்தை இந்தப் பக்கம் திருப்பினால் ஒரு பாஷை, அந்தப் பக்கம் திருப்பினால் இன்னொரு பாஷை. எனக்கு அது விசித்திரமாகவே படவில்லை. பெரியவர்கள் காபி குடிப்பார்கள், குழந்தைகள் பால் குடிக்கும் என்பதுபோல அதுவும் ஒரு நடைமுறை என்று நினைத்தேன்.

கோடை விடுமுறைக்கு அவ்வாவிடம் கிராமத்துக்குப் போய்விடுவேன். அவ்வாவுக்குத் தமிழ் நன்றாகத் தெரியும். ஆனால் பேரனிடம் அதைச் செலவழிக்க அவளுக்கு மனம் வராது. திண்ணையில் படுத்துக்கொண்டு அவள் சொன்ன கதைகளெல்லாம் தெலுங்கில்தான். எனக்கு ஒரு சொல் விடாமல் புரியும். திருப்பிச் சொல்லத்தான் தடுமாறும்.

பதின்மூன்றாம் வயதில் ஒரு கல்யாண வீடு. வாசலில் இரண்டு பெரியவர்கள் வந்து நின்றார்கள். உள்ளே ஓடி மாமாவிடம், "ரெண்டு பேர்லு ஒச்சாரு" என்றேன். பந்தலே சிரித்தது. தமிழில் பேர் என்றால் ஆளும் ஆகும், பெயரும் ஆகும். தெலுங்கில் பெயர் மட்டும்தான். இரண்டு ஆட்கள் என்பதற்கு 'இத்தரு' என்று வேறு சொல் இருக்கிறது. நான் சொன்னது இரண்டு பெயர்கள் நடந்து வந்தன என்று ஆகிவிட்டது. மாமா பொல்லாதவரில்லை; தமாஷ் பிரியர். அடுத்த பத்து வருஷத்துக்கு எந்த விசேஷத்தில் என்னைப் பார்த்தாலும், "ரெண்டு பேர்லு ஒச்சாரா?" என்று கேட்பார். அன்றோடு நான் தெலுங்கு பேசுவதை விட்டேன். அவ்வா தெலுங்கில் கேட்பாள். நான் தமிழில் பதில் சொல்லுவேன். அப்படியே அவள் காலமும் முடிந்தது.

இனி அந்த அம்மாளிடம் வருகிறேன்.

நான்ஸி டோரியன் அமெரிக்கர். 1963-ல் ஸ்காட்லாந்து மொழி ஆய்வுக்காகக் கிழக்கு ஸதர்லாந்துக்குப் போனார். ப்ரோரா, கோல்ஸ்பி, எம்போ என்று வரிசையாக மூன்று கடற்கரை ஊர்கள். கேலிக் அந்தப் பிரதேசம் முழுவதும் ஒரு காலத்தில் பேசப்பட்டதுதான். அவர் போனபோது அந்தக் கரையில் அநேகமாக மீனவர் வீடுகளில் மட்டுமே அது மிஞ்சியிருந்தது. மூன்று ஊரிலும் சேர்த்துச் சுமார் 200 பேர்.

அது ஏன் மீனவர்களிடம் மட்டும் மிஞ்சியது என்பதற்கு ஒரு பழைய அநியாயம் காரணமாக இருந்தது. அவர்கள் ஆதியில் மீனவர்களே அல்ல. உள்நாட்டுப் பள்ளத்தாக்குகளில் மாடு வளர்த்துத் தானியம் விதைத்துக் கொண்டிருந்த குடியானவர்கள். 1800-ஐ ஒட்டிய வருஷங்களில் தொடங்கி, செம்மறி ஆட்டு மந்தைகளுக்கு இடம் வேண்டும் என்று ஸதர்லாந்து ஜமீன் அவர்களைக் கூட்டங்கூட்டமாக அப்புறப்படுத்தியது. கடற்கரையில் துண்டு நிலத்தைக் காட்டி, மீன் பிடித்துப் பிழைத்துக்கொள் என்றது. படகில் ஏறியறியாத ஜனங்கள்! எப்படியோ கற்றுக்கொண்டார்கள். ஆண்கள் கடலுக்குப் போனார்கள். பெண்கள் தூண்டில் முள்ளில் இரை கோத்தார்கள். கூடையில் மீனை முதுகில் சுமந்து உள்நாட்டு வீடுகளில் விற்று வந்தார்கள். ஊர்க்காரர்கள் அவர்களோடு பெண் கொடுத்து எடுப்பதில்லை; மீனவர் தெரு தனியாகவே இருந்தது. மற்றவர்கள் ஆங்கிலத்துக்குப் போனபோது இவர்களுக்குப் போக வழியில்லை. யாரும் பக்கத்தில் சேர்க்காததால் பாஷை பிழைத்துக் கிடந்தது.

அப்புறம் மீன்பிடி படுத்தது. பிள்ளைகள் வேறு வேலைகளுக்குப் போனார்கள். தனித்தெரு என்ற சுவர் இடிந்ததும் மீனவன் என்று காட்டிக்கொடுக்கிற அடையாளம் ஒன்றே ஒன்றுதான் பாக்கி: வாயைத் திறந்தால் வருகிற கேலிக். அதை யார் தங்கள் குழந்தைக்குக் கொடுப்பார்கள்? தாய்மார்கள் தங்களுக்குள் கேலிக் பேசிக்கொண்டு குழந்தையிடம் ஆங்கிலத்துக்குத் திரும்பினார்கள். யாரும் கூட்டம் கூட்டித் தீர்மானம் போடவில்லை. ஒவ்வொரு வீட்டிலும் குழந்தை நன்றாக இருக்க வேண்டும் என்ற ஆசையினால் நடந்தது. இந்த இடத்தைப் படித்தபோது புத்தகத்தை மடியில் கவிழ்த்துவிட்டு மதுரை வீட்டுக் கூடத்தை நினைத்துக்கொண்டேன்.

டோரியன் அம்மாள் அந்தப் பாஷையைக் கற்றுக்கொண்டார். கேலிக் லேசான பாஷை அல்ல. சொல்லின் முதல் எழுத்தே இடத்துக்குத் தக்கபடி உருமாறும். ஷேமஸ் என்று ஒருவனுக்குப் பெயர். தாய் கூப்பிடும்போது அது ஹேமிஷ் என்று ஒலிக்கும். தாய்மார்கள் கூப்பிடுவதைக் கேட்ட ஆங்கிலேயர்கள் அதையே பெயரென்று எடுத்துக்கொண்டு, இன்று ஹேமிஷ் என்று நாலு பேரில் ஒருவராவது எதிர்ப்படுகிறார் என்கிற அளவுக்குப் பரவிவிட்டது. (நாவலாசிரியன் கணக்கு; நம்ப வேண்டாம். ஹேமிஷ் வந்த வழி மட்டும் நிஜம்.) இப்படிப்பட்ட பாஷையில் இலக்கண வாய்பாடு சேகரிப்பதற்காக வாக்கியங்களை ஆங்கிலத்தில் சொல்லிக் கேலிக்கில் திருப்பிச் சொல்லச் சொன்னார். அப்படிச் செய்கையில்தான், மற்ற ஆராய்ச்சிக்காரர்கள் தாண்டிப்போகும் ஒரு கூட்டம் அவர் கண்ணில் பட்டது.

பொதுவாகப் பாஷையை ஆராய்கிறவர்கள் கிராமத்துக்குப் போனால் வயதான, பழுதில்லாமல் பேசுகிற கிழவரைத் தேடுவார்கள். தப்பும் தவறுமாகப் பேசுகிறவனிடம் அவர்களுக்கு என்ன வேலை? டோரியன் அந்தத் தப்புக்காரர்களிடம் போய் உட்கார்ந்தார். அவர்களுக்கு ஒரு பெயரும் கொடுத்தார். அரைப் பேச்சாளர் என்று தமிழில் சொல்லலாம். எல்லாம் புரியும், ஹாஸ்யம் புரியும், அடுப்பங்கரையில் முணுமுணுத்தாலும் புரியும். பேசத் தொடங்கினால் வேற்றுமை நழுவும், பால் மாறும், சொல் கிடைக்காமல் முழிப்பார்கள். ஆனால் அந்தப் பிழைகள் கண்டபடி வருவதில்லை. இலக்கணம் எந்தப் பக்கம் முதலில் இடிகிறது, எது கடைசிவரை நிற்கிறது என்பதற்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது என்று அவர் காட்டினார்.

அதைவிட எனக்குப் பிடித்தது அவர் செய்த ஓர் ஒப்புதல். இலக்கணப்படி பேசுவதில் தான் அந்த அரைப் பேச்சாளர்களைவிடத் தேவலை என்பது அவருக்குத் தெரியும். ஆனால் நாலு பேர் சேர்ந்து மளமளவென்று பேசும்போது அவர் கோட்டைவிட்ட இடத்தில் அவர்கள் கோட்டைவிடவில்லை. எப்போது சிரிக்க வேண்டும், எப்போது ஒரு சொல் போட வேண்டும், எப்போது வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்பது அவர்களுக்கு ரத்தத்தில் இருந்தது. அதனால் ஒரு பாஷையின் சமூகத்தைக் கணக்கெடுத்தால் இவர்களை வெளியே தள்ளக்கூடாது என்று எழுதினார். படித்த மனிதர்கள் தம்மைவிடப் படிக்காதவர் கெட்டிக்காரர் என்று அச்சில் ஒப்புக்கொள்வது அபூர்வம். எழுத்தாளர்களில் நான் ஒருவரைக்கூடப் பார்த்ததில்லை, என்னையும் சேர்த்து.

அக்கம்பக்கத்துப் பிள்ளைகளெல்லாம் ஆங்கிலத்தோடு நின்றுவிட்டபோது இவர்கள் மட்டும் ஏன் பாதியாவது கற்றார்கள் என்று அவர் யோசித்தார். சில காரணங்கள் சொல்லுகிறார். ஊரைவிட்டு வெகுநாள் பிரிந்திருந்து திரும்பியது ஒன்று. எதையும் துருவித் துருவிக் கேட்கிற சுபாவம் ஒன்று. இன்னொன்று, ஒரு பாட்டியிடமோ அப்படிப்பட்ட ஒரு மூத்த உறவிடமோ வைத்த பாசம்.

நண்பர் புத்தகத்தைக் கொடுத்தபோது அந்தப் பக்கத்தில் பென்ஸிலால் கோடு போட்டிருந்தார்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும். என் தாயார் கடைசிப் பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். மூளையில் ரத்தம் கசிந்து, தமிழ் முழுவதும் அவளை விட்டுப் போய்விட்டது. அறுபது வருஷம் மதுரையில் பேசிய தமிழ்! மிஞ்சியது சாத்தூர்த் தெலுங்கு. நர்ஸுகளுக்கு நான்தான் மொழிபெயர்ப்பாளன். தண்ணீர் கேட்கிறாள், கால் வலிக்கிறது என்கிறாள், தொழுவத்தில் கன்றுக்குட்டி கத்துகிறதாம் என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். ஒரு மாலை என்னையே வெகுநேரம் பார்த்துவிட்டு, "நுவ்வு எவரி பிட்டவு?" என்றாள். நீ யார் பிள்ளை என்று அர்த்தம். "உன் பிள்ளைதான் அம்மா" என்றேன், தமிழில். அவளுக்குப் புரியவில்லை. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். 'நீ பிட்டனே' என்று ஒரு வார்த்தை. அது எனக்குத் தெரியும். அந்த அறையில் சிரிப்பதற்கு மாமாவும் இல்லை, பந்தலும் இல்லை. இருந்தும் நாக்கு எழவில்லை.

பாஷை மறைவது பற்றி அறிஞர்களுக்குள் ஒரு வாக்குவாதம் நடந்தது. 1992-ல் பீட்டர் லாடிஃபோகட் என்ற பேர்பெற்ற ஒலியியல் நிபுணர் ஒரு கட்டுரை எழுதினார். 'மை ஃபேர் லேடி' சினிமாவுக்கு உச்சரிப்பு ஆலோசனை சொன்னாரே, அவர்தான். ஒரு பாஷை போகிறது என்று நாம் கண்ணீர் விடலாம், ஆனால் அதைப் பேசுகிறவர்கள் வேறு வாழ்வை விரும்பினால் தடுக்க நாம் யார் என்பது அவர் கட்சி. கென்யாவில் தஹாலோ என்ற சின்னப் பாஷை பேசும் ஒருவர், பள்ளிக்கூடம் போன தன் பிள்ளைகள் அதைப் பேசுவதில்லை என்று சொல்லிச் சிரித்தாராம், வருத்தமே இல்லையாம். நம் நீலகிரித் தோடர்களையும் அவர் உதாரணம் காட்டினார்: இளையவர்கள் முன்னோரை மதிக்கிறார்கள், நவீன இந்தியாவிலும் பங்கு வேண்டுகிறார்கள், அதற்கு விலையாகப் பாஷையைக் கொடுக்கவும் தயாராக இருக்கிறார்கள் என்று. வாஸ்தவமான பேச்சு. ஊட்டிக்குப் போய்ப் படம் பிடித்துக்கொண்டு, தோடர்கள் அப்படியே இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறுகிறவர்களுக்கு நல்ல சூடு.

அடுத்த வருஷமே டோரியன் பதில் எழுதினார். கைவிடுகிற தலைமுறை சந்தோஷமாகத்தான் கைவிடும். கேள்வி கேட்கப்போவது அதற்குப் பின்னால் வருகிற தலைமுறை என்றார். இழிவாக நடத்தப்பட்டவன் தன் பாஷையை வேண்டாம் என்று சொல்வதை முழுக்க அவனுடைய சொந்த விருப்பம் என்று எப்படி எடுத்துக்கொள்வது என்றும் கேட்டார். இரண்டு கட்டுரையையும் நண்பர் பிரதி எடுத்துக் கொடுத்தார். பகலில் படிக்கும்போது லாடிஃபோகட் சொல்வது சரி என்று படுகிறது. ராத்திரி விழித்துக்கொண்டால் டோரியன்.

டோரியன் அத்தோடு நிற்கவில்லை. பென்ஸில்வேனியாவில் ப்ரின் மார் கல்லூரியில் பேராசிரியராக இருந்தார். உடம்பு இடங்கொடுக்காமல் ஸ்காட்லாந்துக்குப் போக முடியாமற்போன பிறகு, தொலைபேசியை எடுத்து வைத்துக்கொண்டு மிஞ்சியிருந்தவர்களோடு பேசிப் பேசியே வேலையைத் தொடர்ந்தார். 2010-ல் இன்னொரு பெரிய புத்தகம். அதில் உள்ள செய்தி மாமாவுக்குத் தெரியாமற்போனதே என்று எனக்கு ஆற்றாமை. அந்த மீனவர் தெருக்களில் ஒரே பொருளுக்கு அண்ணன் ஒரு விதமாகச் சொல்வான், தங்கை வேறு விதமாகச் சொல்வாள், ஒரே ஆள் காலையில் ஒன்றும் மாலையில் ஒன்றுமாகச் சொல்வான். யாரும் அதைக் குறையாக நினைக்கவில்லை. பலருக்கு அந்த வேற்றுமை காதில் விழவே இல்லை. எல்லாரும் ஒரே நிலையில் வாழ்ந்த, பள்ளிக்கூடத்து இலக்கணம் எட்டாத பாஷையில் இது சகஜம் என்று முடிவு கட்ட அவருக்கு எத்தனையோ வருஷம் பிடித்தது. 1963-ல் தொடங்கிய வேலை அது. 2024-ல் அவர் காலமானார்.

பாஷைகளின் ஆரோக்கியத்தை அளக்க ஜோஷுவா ஃபிஷ்மன் என்ற அறிஞர் 1991-ல் எட்டுப் படி கொண்ட ஓர் அளவுகோல் வகுத்திருக்கிறார். தாத்தா முதல் பேரன்வரை வீட்டில் புழங்கினால் ஆறாம் படி. அங்கேதான் உயிர் இருக்கிறது என்பார் அவர். பேசுகிறவர்கள் எல்லாரும் பிள்ளை பெறும் வயதைக் கடந்துவிட்டால் ஏழு. நான் எங்கள் குடும்பத்தை அதில் வைத்துப் பார்த்தேன். என் சின்னம்மாவுக்கு எண்பத்திரண்டு வயது.

என் பெண் சென்னையில் வேலை பார்க்கிறாள். லீவில் வந்திருந்தபோது மேஜைமேல் கிடந்த புத்தகத்தைப் புரட்டிவிட்டு, "ஏம்ப்பா, உங்களுக்குத் தெலுங்கு தெரியுமில்லையா? எனக்கு ஏன் சொல்லித் தரவில்லை?" என்றாள். குற்றஞ்சாட்டவில்லை, சும்மாதான் கேட்டாள். எனக்கே சரியாகத் தெரியாது என்றேன். "தெரிந்தவரைக்கும் சொல்லித் தந்திருக்கலாமே" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

இந்த இடத்தில் என் மனைவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் தமிழ்வீட்டுப் பெண். கல்யாணமான புதிதில் என் தாயார் மருமகளிடம் பிரியமாக, "அன்னம் தின்னாவா?" என்று கேட்டுவிட்டாள். தெலுங்கில் சாப்பிட்டாயா என்பதற்கு அதுதான் மரியாதையான சொல். இவளுக்கோ, தின்றாயா என்று மாடு கன்றைக் கேட்பதுபோல் காதில் விழுந்து, இரண்டு நாள் சரியாகவே சாப்பிடவில்லை. சமாதானம் செய்ய நான் பட்ட பாடு! இப்போதும் அந்தச் சொல் அவளுக்கு ஆகாது.

போன ஞாயிற்றுக்கிழமை சின்னம்மாவுக்குப் போன் செய்தேன். வாரா வாரம் பேசுவதுதான், தமிழில்தான். அன்று என் பெண் போனை வாங்கிக்கொண்டு, முதல் நாள் இரவு என்னிடம் கேட்டு நோட்டில் தமிழ் எழுத்தில் எழுதி வைத்திருந்த வாக்கியத்தைப் படித்தாள். "அவ்வா, நேனு மாட்லாடுதானு." நான் பேசுகிறேன் என்று அர்த்தம். சரியா தப்பா என்பது எனக்கு நிச்சயமில்லை.

அந்தப் பக்கத்தில் சற்று நேரம் சத்தமே இல்லை. கிழவிக்குக் காது கேட்கவில்லையோ என்று நினைத்தேன். பிறகு ஒரே மூச்சில் தெலுங்கு கொட்டியது. என் பெண் போனைக் கையால் பொத்திக்கொண்டு, "என்னமோ தின்னாவாங்கிறாங்கப்பா. என்ன சொல்ல?" என்றாள்.

"தின்னானு என்று சொல்."

"தின்னானு, அவ்வா" என்றாள் போனில்.

"இந்த வீட்டில் யாரும் தின்பதில்லை, சாப்பிடுகிற வழக்கம்தான்" என்றாள் என் மனைவி, சமையலறையிலிருந்து.